டீச்சரம்மா பதில்கள்: ஒரு பிள்ளைய படிக்க வைக்கப் போறீங்களா?

போன இதழ்ல போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன், நானே போர்டிங்ல யாரோ கொடுத்த காசுல படிச்ச பிள்ளைதான்னு. அவ்வளவுதான், அதுக்கப்புறம் வந்த கடிதமும் வாட்ஸப்பும் கொஞ்சநஞ்சமில்ல. பாதிப் பேர் ஸ்பான்சர் பண்ணணும்னு கேக்காங்க, பாதிப் பேர் பண்ணி நொந்து போயி எழுதியிருக்காங்க. அதனால இந்த தடவை வேற கேள்வி எதுவும் எடுக்கல, சமையலும் மாமியார் மருமகளும் அடுத்த மாசம் பாத்துக்கிடுவோம்.

கேள்வி: டீச்சர், நான் ஷார்ஜாவுல டிரைவரா இருக்கேன், சொந்த ஊரு நாசரேத் பக்கம். சம்பளத்துல தசமபாகம் எடுத்து வச்சு ஊர்ல ஒரு பிள்ளைய கிறிஸ்தவ ஸ்கூல்ல படிக்க வைக்கணும்னு பொருத்தனை. வெளிநாட்டுல இருந்து பணம் அனுப்புனா கேஸாகும்னு ரூம்மேட் பயமுறுத்துதான். அமெரிக்காவுல சிட்டிசன் ஆயிட்ட எங்க அண்ணனும் சேந்து தாரேங்கான். எப்படி அனுப்ப?

பதில்: தம்பி, உங்க பணமும் உங்க அண்ணன் பணமும் சட்டத்துக்கு முன்னால ஒண்ணு இல்ல, அத முதல்ல புரிஞ்சுக்கிடுங்க. நீங்க இந்தியன் பாஸ்போர்ட் வச்சிருக்கவரு, உங்க சொந்த சம்பாத்தியத்த பேங்க் வழியா ஒழுங்கா அனுப்புனா அது வெளிநாட்டு நன்கொடைங்கற கணக்குலயே வராது. வாங்குற ஸ்கூலோ டிரஸ்டோ பாஸ்போர்ட் காப்பி கேட்டா முகம் சுளிக்காம கொடுத்துருங்க, அவங்க ஃபைல்ல வைக்கத்தான். அண்ணன் கதை வேற. அவரு அமெரிக்க குடிமகன் ஆயிட்டாரு, இந்திய வம்சாவளிக்காரங்களுக்குத் தர்ற ஓசிஐ கார்டு இருந்தாலும் சரி, அவரு தர்றது வெளிநாட்டுப் பணம்தான், எஃப்சிஆர்ஏ-ங்கற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துல பதிவு இருக்குற அமைப்புதான் வாங்க முடியும், அதுவும் டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச்ல இருக்குற கணக்கு வழியாத்தான் உள்ள வரணும். 2020 திருத்தத்துல வந்தது இது. அதே திருத்தத்துல இன்னொண்ணும் வந்தது, வெளிய அவ்வளவா பேச மாட்டாங்க, ஆனா சின்ன போர்டிங்களுக்கு வலிச்சது அதுதான்: பணத்த வாங்குன பெரிய அமைப்பு அத இன்னொரு சின்ன அமைப்புக்கு மாத்திவிடக் கூடாது. முன்னால மெட்ராஸ்ல ஒரு ஆபீஸ் வாங்கி நாலு மாவட்டத்துக்குப் பிரிச்சுக் கொடுக்கும், அந்த வழி அடைபட்டுப் போச்சு. ஆபீஸ் செலவும் 50 சதவீதம் வரைக்கும் போகலாம்னு இருந்தத 20 ஆக்கிட்டாங்க, இது நல்லதுதான்னு நினைக்கேன், சில பேருக்கு என் மேல கோபம் வரும், வரட்டும்.

அண்ணன நான் பயமுறுத்தல, ஆனா ஒண்ணு ஞாபகத்துல இருக்கட்டும். 2017 மார்ச்ல பிள்ளைங்களுக்கு ஸ்பான்சர் பிடிச்சுக் கொடுக்குற காம்பாஷன்ங்கற அமெரிக்கக் கிறிஸ்தவ அமைப்பு இந்தியாவ விட்டுப் போனப்போ சுமார் 1,45,000 பிள்ளைங்களோட ஸ்பான்சர்ஷிப் ஒரேயடியா நின்னுச்சு. மதம் மாத்தப் பணம் போகுதுன்னு அரசாங்கம் சொல்லிச்சு, அமைப்பு இல்லைன்னு சொல்லிச்சு, இதுக்கு நடுவுல ஏப்ரல் மே பரீட்சைக்கு உக்காந்த பிள்ளைக்கு என்ன பதில்? தூரத்துப் பணத்த மட்டும் நம்பி இருந்தா இப்படித்தான். அதனால நான் உங்களுக்குச் சொல்றது, அண்ணன் பணத்த அவரு அந்த வழியில கொடுக்கட்டும், நீங்க உங்க சேகரத்து ஸ்கூல் ஹெட்மாஸ்டருக்கு ஒரு போன் போடுங்க. எந்தப் பிள்ளை ஜூன் மாசம் திரும்பி வரமாட்டான்னு அவருக்கு ஏப்ரல்லயே தெரியும். பணத்த ஸ்கூல் கணக்குல போட்டு ரசீது வாங்குங்க, வீட்டாளு கையில வேண்டாம். எத்தனை வருஷம் தருவீங்கன்னு மொதல்லயே சொல்லிருங்க. விசா போச்சுன்னா என்ன செய்வீங்கன்னும் யோசிச்சு வச்சுக்கிடுங்க, ஒரு வருஷப் பணத்த முன்கூட்டியே தனியா போட்டு வச்சா நல்லது.

கேள்வி: எங்க வீட்டுல வேலை செய்ற அக்காவோட பொண்ணு ஏழாவது, அரசுப் பள்ளில நல்லா படிக்கா. அவள கான்வென்ட் மெட்ரிக் ஸ்கூல்ல இங்கிலீஷ் மீடியத்துல சேத்து பிளஸ் டூ வரைக்கும் நானே பீஸ் கட்டலாம்னு இருக்கேன். ஆர்டிஇ-ல ஃப்ரீ சீட்டு கிடைக்குமா? – தூத்துக்குடி வாசகி

பதில்: மனசு பெருசு உங்களுக்கு. ஆனா கட்டுறதுக்கு முன்னால அரை மணி நேரம் உக்காந்து கணக்கு போடுங்கம்மா, ஏன்னா நீங்க நல்லது பண்றதா நினைச்சு அந்தப் பிள்ளைகிட்ட இருக்குறத பிடுங்கிறக் கூடாது.

ஃப்ரீ சீட்டு விஷயம் சுருக்கமா: ஆர்டிஇ-ங்கற கட்டாயக் கல்விச் சட்டத்துல தனியார் பள்ளில உள்ள 25 சதவீத ஒதுக்கீடு எல்கேஜி, ஒண்ணாவதுல நுழையும்போதுதான், ஏழாவதுல கிடையாது, போதாக்குறைக்கு சிறுபான்மை பள்ளிகளுக்கு அந்தச் சட்டமே பொருந்தாதுன்னு 2014-ல உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. நெறைய பேருக்கு இது தெரியாம கான்வென்ட் வாசல்ல போயி சண்டை போடுதாங்க, பாவம் வாட்ச்மேன் என்ன செய்வாரு.

இப்ப முக்கியமான கணக்கு. ஆறாவதுலேர்ந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளில படிச்சாத்தான் டாக்டர் படிப்புல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2020-ல வந்துச்சு, அடுத்த வருஷமே இன்ஜினியரிங், அக்ரி, சட்டம்னு நீட்டுனாங்க. நடுவுல ஒரு வருஷம் மெட்ரிக்ல படிச்சாலும் அது போச்சு. அரசு உதவிபெறும் கிறிஸ்தவப் பள்ளிக்கும் அது கிடையாது, நாங்க எத்தனையோ வாட்டி கேட்டுப் பாத்தாச்சு. காலேஜ் போற பொண்ணுக்கு மாசம் 1000 ரூபா தர்ற புதுமைப் பெண் திட்டமும் அரசுப் பள்ளிக்குன்னுதான் ஆரம்பிச்சது, 2024 கடைசியிலதான் உதவிபெறும் பள்ளி தமிழ் மீடியத்துக்கும் வந்துச்சு. மெட்ரிக்குக்கு இல்ல. (இந்த விதியெல்லாம் மாறிக்கிட்டே இருக்கும், சேக்குற நாள்ல ஒருக்கா கேட்டுக்கிடுங்க.)

அப்புறம் மெட்ரிக் ஸ்கூல்னா பீஸ் மட்டுமா? வேன், ஷூ, ஆண்டுவிழாவுக்கு டான்ஸ் டிரெஸ், ப்ராஜெக்ட்னு வாரத்துக்கு ஒரு சார்ட் பேப்பர், கூட இருக்குற பிள்ளை பிறந்தநாளுக்கு சாக்லேட். அதெல்லாம் அந்த அக்கா எங்க போவா? உங்ககிட்ட வந்து கேக்கக் கூச்சப்பட்டு வட்டிக்கு வாங்குவா. இத நான் கண்ணால பாத்திருக்கேன்.

கிறிஸ்தவப் பள்ளிலதான் படிக்கணும்னு உங்களுக்கும் அவங்களுக்கும் ஆசை இருந்தா உதவிபெறும் பள்ளிய பாருங்க. அங்க தமிழ் மீடியத்துக்கு டியூஷன் பீஸ் கிடையாது, புக்கு, சத்துணவு, பஸ் பாஸ், பிளஸ் ஒன்ல சைக்கிள் எல்லாம் அரசாங்கம் தருது, தொடக்கப் பள்ளியா இருந்தா காலைச் சாப்பாடும் வந்தாச்சு. ஒரு பிள்ளைக்கு மெட்ரிக் பீஸ் கட்டுற காசுல அங்க மூணு பிள்ளைக்கு சாயங்கால டியூஷனும் நோட்டும் செருப்பும் கண்ணாடியும் வாங்கிக் கொடுத்துரலாம். கண்ணாடின்னு சும்மா சொல்லல. கடைசி பெஞ்சுல மக்குன்னு பேர் வாங்குன எத்தனையோ பிள்ளைக்கு போர்டு தெரியல, அவ்வளவுதான் வியாதி.

கேள்வி: ஒரு ஹோம்லேர்ந்து வாட்ஸப்புல 14 பிள்ளைங்க போட்டோ அனுப்பியிருக்காங்க, ஒவ்வொண்ணுக்கும் பேரு, அப்பா செத்தது எப்படி, அம்மா ஓடிப்போன கதை எல்லாம் போட்டு, மாசம் இவ்வளவு அனுப்புங்க தேவ ஆசீர்வாதம் உண்டுன்னு. நம்பலாமா? – மதுரை வாசகர்

பதில்: அந்த மெசேஜே எனக்குப் போதும். கவனிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுற பிள்ளையோட போட்டோவையும் பேரையும் ஊருக்கெல்லாம் பரப்புறது இளைஞர் நீதிச் சட்டத்துக்கே விரோதம். அம்மா ஓடிப்போன கதைய நாளைக்கு அந்தப் பிள்ளையோட கிளாஸ்மேட் போன்ல பாப்பான், அத அவங்க யோசிக்கல பாத்தீங்களா.

அந்தச் சட்டம் 2015-ல வந்தது. அதுப்படி பிள்ளைங்கள வச்சு நடத்துற எந்த ஹோமும் பதிவு பண்ணியாகணும், பண்ணாட்டி ஒரு வருஷம் வரை ஜெயில், இல்ல ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், ரெண்டுமே கூட. ஸ்கூலோட ஒட்டுன ஹாஸ்டல்னா அதுக்கு தமிழ்நாட்டுல 2014-ல வந்த தனிச் சட்டம் இருக்கு, அதுலயும் லைசென்ஸ் உண்டு. பதிவு நம்பர் கேளுங்க, மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுல போயி சரிபாருங்க. நல்ல ஹோம் நடத்துறவங்க இத கேட்டா சந்தோஷமா எடுத்துக் காட்டுவாங்க, ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பாங்க. "ஊழியத்தையா சந்தேகப்படுறீங்க"ன்னு திருப்பிக் கேட்டா கும்பிடு போட்டுட்டு வந்துருங்க. பிள்ளைக்கு ஏதோ சரியில்லைன்னு பட்டா 1098, குழந்தைகள் ஹெல்ப்லைன் நம்பர்.

இன்னொண்ணும் கேளுங்க, அந்தப் பிள்ளைங்களுக்கு வீட்டுல யாரு இருக்காங்கன்னு. ஹோம்ல இருக்குற எல்லாருமே அநாதைன்னு நாம நினைக்கோம், நான் பாத்த வரைக்கும் முக்கால்வாசிப் பிள்ளைக்கு அம்மாவோ ஆச்சியோ உண்டு, வீட்டுல கஞ்சிக்கு வழியில்லாமத்தான் கொண்டு விட்டுருப்பாங்க. அப்ப காச ஹோமுக்குக் கொடுக்கணுமா, அம்மாவுக்குக் கொடுக்கணுமா? அரசாங்கமே மிஷன் வாத்சல்யான்னு ஒரு திட்டத்துல பிள்ளை வீட்டுலயே இருந்து படிக்க மாசம் 4000 ரூபா தருது, விதவை அம்மா, ஒதுக்கப்பட்ட அம்மா, அப்பா அம்மா இல்லாம சொந்தக்காரங்க வளக்குற பிள்ளை இப்படி, வருஷ வருமானம் கிராமத்துல 72,000, டவுன்ல 96,000-க்குள்ள இருக்கணும். கோட்டா இருக்கு, எல்லாருக்கும் கிடைக்காது, ஃபார்ம் போட்டுட்டு நடையா நடக்கணும். நீங்க மதுரைலதான் இருக்கீங்க, மாசம் ஆயிரம் அனுப்புறதுக்குப் பதிலா ஒரு அம்மாவ உங்க ஸ்கூட்டர்ல ஏத்திட்டுப் போயி அந்த ஃபார்ம போட்டுக் கொடுங்க. இதுவும் ஸ்பான்சர்தான்.

கேள்வி: நாங்க இந்து. என் மகன் கிறிஸ்தவ ஹாஸ்டல்ல தங்கி எட்டாவது படிக்கான், ஏதோ ஸ்பான்சர் இருக்கு, செலவே இல்ல. ஞாயித்துக்கிழமை அவங்க சர்ச் கோயிலுக்குப் போகணும், ஜெபம் பண்ணணும்னு சொல்றாங்களாம். வேண்டாம்னு சொன்னா அனுப்பிருவாங்களோன்னு பயமா இருக்கு. – சங்கரன்கோவில் பக்கத்து அம்மா ஒருத்தங்க

பதில்: பயப்படாதீங்கம்மா. அரசு அங்கீகாரம் வாங்குன, இல்ல அரசுப் பணம் வாங்குற எந்தப் பள்ளிலயும் பிள்ளைய வற்புறுத்தி மத போதனைலயோ வழிபாட்டுலயோ உக்கார வைக்க முடியாது, சின்னப் பிள்ளைன்னா அப்பா அம்மா சம்மதம் வேணும், அரசியல் சட்டம் 28-ம் பிரிவுலயே இருக்கு. ஸ்கூல்ல கிறிஸ்தவப் பிள்ளைக்கு வேதாகம வகுப்புன்னா மத்தவங்களுக்கு நீதிபோதனை வகுப்பு வைக்கிறது ரொம்ப நாள் வழக்கம். வார்டனப் பாத்து மரியாதையா ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுங்க.

நான் கோயிலுக்குப் போற ஆளு, கிறிஸ்தவப் படிப்புக்குன்னு காணிக்கை போடுறவங்க மனசும் எனக்குத் தெரியும். எங்க பக்கத்துப் பொம்பளைங்க உலையில அரிசி போடுறதுக்கு முன்னால ஒரு பிடிய தனியா எடுத்து வச்சு அந்தப் பிடியரிசில ஊழியம் நடத்துனவங்க. 1903-ல திருநெல்வேலிக்காரங்களே சேந்து மிஷனரி சங்கம் ஆரம்பிச்சு தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்புனாங்கன்னா சும்மாவா. ஆனா சோத்தக் காட்டி ஜெபம் பண்ணச் சொன்னா அது ஜெபமா? பிள்ளை தட்டப் பாத்துக்கிட்டே கண்ண மூடுவான். கொடுக்குறவங்க இத படிச்சா கோவிச்சுக்காதீங்க.

அம்மா, உங்களுக்கு இன்னொரு விஷயமும் சொல்லணும், இது யாரும் சொல்ல மாட்டாங்க. ஸ்கூல் ரெக்கார்டுல பேரு, மதம்ங்கற கட்டத்துல யாரு என்ன எழுதுறாங்கன்னு ஒருக்கா பாத்துட்டு வாங்க. நீங்க எஸ்சி-யா இருந்தா, 1950 ஜனாதிபதி ஆணைப்படி கிறிஸ்தவராப் பதிஞ்சா எஸ்சி அந்தஸ்து இல்ல, தமிழ்நாட்டுல பிசி-யாயிரும். மதம் மாறுன ஆதிதிராவிடர் பிள்ளைக்கு மாநில அரசு சில ஸ்காலர்ஷிப் தருதுதான், ஆனா வேலைக்கும் சீட்டுக்கும் உள்ள ஒதுக்கீடு வேறதான். மனசு மாறுறது அவங்கவங்க பாடு, பிள்ளை பெரியவனாகி அவனே முடிவு பண்ணட்டும், எட்டாங்கிளாஸ் பையனுக்காக ஒரு கிளர்க் பேனாவால முடிவு பண்ணக் கூடாது.

கேள்வி: இந்த ஸ்பான்சர்னால உண்மையிலயே பிரயோஜனம் உண்டா, இல்ல கொடுக்குறவன் திருப்திக்கா? – கோயம்புத்தூர் வாசகர்

பதில்: அளந்து பாத்திருக்காங்க. புரூஸ் வைடிக்னு ஒரு பேராசிரியரும் கூட ரெண்டு பேரும் இந்தியா உட்பட 6 நாட்டுல 10,000 பேருக்கு மேல விசாரிச்சு 2013-ல வெளியிட்டாங்க, மேல சொன்ன காம்பாஷன் திட்டத்துல படிச்சு வளந்தவங்களையும், அது கிடைக்காதவங்களையும். ஸ்பான்சர் கிடைச்ச பிள்ளை மத்தவங்கள விட ஒண்ணுலேர்ந்து ஒன்றரை வருஷம் வரைக்கும் கூடுதலா படிச்சிருக்கு. ஒரு வருஷம்தானான்னு கேப்பீங்க. ஒன்பதாவதோட நிக்குறதுக்கும் பத்தாவது சர்டிபிகேட் கையில இருக்குறதுக்கும் உள்ள தூரம் அது, எங்க ஊர்ல தீப்பெட்டி ஆபீஸ் போனவளக் கேட்டாச் சொல்லுவா.

கேள்வி: வரிச்சலுகை உண்டா? – பல பேர்

பதில்: 80ஜி பதிவு இருக்குற அமைப்புக்குக் கொடுத்தா உண்டு, பழைய வரி முறைல இருக்குறவங்களுக்கு மட்டும். ரொக்கமா 2000-க்கு மேல கொடுத்தா கிடையாது. ஒரு மதத்துக்காரங்களுக்கு மட்டும்னு எழுதி வச்சிருக்குற டிரஸ்டுக்கு பொதுவா 80ஜி கிடைக்காது, அதனால "கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு மட்டும்"ங்கற டிரஸ்ட் 80ஜி ரசீது நீட்டுனா ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாருங்க. வேலைக்காரப் பொண்ணுக்கு நேரடியா கட்டுற பீஸுக்கு ஒண்ணும் கிடையாது, அத பரலோகக் கணக்குல எழுதிக்கிடுங்க.

கேள்வி: ஆறு வருஷமா ஒரு பெண்பிள்ளைக்கு கிறிஸ்தவப் பள்ளில பணம் கட்டுறேன் டீச்சர். முதல்ல வருஷத்துக்கு ரெண்டு லெட்டர் வரும், "உங்களுக்காக ஜெபிக்கிறேன், நன்றாகப் படிக்கிறேன்"னு. இப்ப ஒன்றரை வருஷமா ஒண்ணும் இல்ல. விசாரிச்சா பத்தாவதுல மார்க்கு கம்மி, கோயிலுக்கும் சரியா போறதில்லைங்காங்க. நன்றி இல்லாத பிள்ளைக்கு எதுக்குக் கொடுக்கணும்னு என் வீட்டுக்காரர் கேக்காரு. எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. – நாகர்கோவில் வாசகி

பதில்: இந்தக் கடிதத்த மூணு நாள் மேசையிலயே வச்சிருந்தேன்.

எங்க போர்டிங்குக்கு ஜெர்மனிலேர்ந்து பணம் வந்துச்சு. அங்க டுயிஸ்பர்க்ல 1959-ல கிண்டர்நோட்ஹில்ஃபேன்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சதே இந்தியப் பிள்ளைகளுக்காகத்தான், அதுக்கப்புறம் தென்னிந்தியத் திருச்சபை போர்டிங்கள்ல எத்தனையோ பிள்ளைங்க அந்தப் பணத்துல சாப்பிட்டு வளந்தோம். எனக்குன்னு ஒரு அம்மா, அந்த நாட்டுல எங்கயோ. வருஷத்துக்கு ரெண்டு லெட்டர் எழுதணும். எப்படி எழுதுவோம் தெரியுமா? சனிக்கிழமை மத்தியானம் நாப்பது பேரையும் வரிசையா உக்கார வச்சு வார்டன் அக்கா போர்டுல எழுதுவாங்க, நாங்க அத அப்படியே காப்பி அடிப்போம், பேரு மட்டும் மாத்தி. "அன்புள்ள தாயாருக்கு, நான் நலம். உங்களுக்காக ஜெபிக்கிறேன். நன்றாகப் படிக்கிறேன்." உங்களுக்கு வந்த அதே வரிதாம்மா. ஐம்பது வருஷமாகியும் அந்த போர்ட இன்னும் யாரும் அழிக்கல போலிருக்கு.

ஒரு வருஷம் எங்க வீட்டு ஆட்டுக்குட்டி செத்துப்போச்சு, நான் அழுது அத எழுதிட்டேன். அக்கா பாத்துட்டுக் கிழிச்சாங்க. அடிக்கல, பாவம். "இதெல்லாம் எழுதுனா அவங்க வருத்தப்படுவாங்கட்டி, பணம் நின்னுரும்"னாங்க. பதினோரு வயசுல எனக்கு அன்னைக்குப் புரிஞ்சது, நான் சந்தோஷமா இருந்தாத்தான் நாப்பது பேருக்கும் சோறுன்னு.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு அந்த அம்மாகிட்டேர்ந்து ஒரு கார்டு வந்துச்சு, வீடு, மரம், ரோடு எல்லாம் ஒரே வெள்ளை. நாங்க தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளைங்க, வெள்ளையாக் குவிஞ்சு கிடந்தா எங்களுக்கு ஒண்ணுதான் தெரியும். "ஏட்டி, அது உப்புடி, அவங்க ஊர்லயும் அளம் இருக்கு"ன்னு ராத்திரி பூரா பேசுனோம். அடுத்த லெட்டர்ல போர்டுல உள்ளத எழுதிட்டு கடைசி மூலையில நுணுக்கி எழுதி வச்சேன், உங்க வீட்டு மேல ஏன் உப்பு கொட்டி வச்சிருக்காங்கன்னு. அக்கா கண்ணுக்குத் தப்பிருச்சு, இல்ல தெரிஞ்சே விட்டாங்களோ, தெரியாது. அஞ்சு மாசம் கழிச்சு ஒரு போட்டோ வந்துச்சு, அந்த அம்மா முழங்கால் வரைக்கும் அந்த வெள்ளைக்குள்ள நின்னுக்கிட்டு வாய்விட்டுச் சிரிக்காங்க. பின்னால என்னமோ எழுதியிருந்துச்சு, ஜெர்மன்ல, எங்க யாருக்கும் படிக்கத் தெரியல. அந்த ஒரு போட்டோதான் என்கிட்ட இன்னும் இருக்கு, மத்த கார்டெல்லாம் எங்க போச்சோ.

இப்ப உங்க பிள்ளைக்கு வருவோம். அவளுக்குப் பதினாறு வயசு. பத்தாவதுல மார்க்கு குறைஞ்சதுக்கு ஆயிரம் காரணம் இருக்கும், வீட்டுல என்ன நடக்குதுன்னு உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. "நன்றாகப் படிக்கிறேன்"னு எழுத முடியாத பிள்ளை வேற என்னத்த எழுதும்? பொய் எழுதாம சும்மா இருந்திருக்கா, எனக்கு அவ மேல மரியாதைதான் வருது. கோயிலுக்குப் போறாளா இல்லையான்னு வேவு பாத்துச் சொன்ன ஆளு மேலதான் எனக்குக் கோபம். எங்க வயசுல பிரசங்க நேரத்துல தூங்காத பிள்ளை யாரு.

பாளையங்கோட்டைல சாரா டக்கர் காலேஜ் இருக்கே, 1895-லேர்ந்து. அந்த சாரா டக்கர் இந்தியாவையே பாத்ததில்ல, இங்கிலாந்துல உடம்பு முடியாம கிடந்தவங்க, மெட்ராஸ்ல மிஷனரியா இருந்த அண்ணன் தம்பி உறவுல ஒருத்தர் எழுதுனத வச்சே நம்ம பொண்ணுங்களுக்காகப் பணம் சேத்தாங்க. அவங்களுக்கு எந்தப் பிள்ளையும் மார்க் ஷீட் அனுப்பல.

வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, இப்ப நிறுத்துனா அவ பிளஸ் ஒன் பாதில நிப்பா, ஆறு வருஷம் கட்டுனதும் பாதில நிக்கும். நிறுத்தத்தான் வேணும்னா பிளஸ் டூ முடிஞ்சப்புறம் நிறுத்துங்க, ஆனா அத இப்பவே ஸ்கூலுக்குச் சொல்லிருங்க. லெட்டர் அவதான் போடணும்னு இல்லையே, நீங்க ஒண்ணு போடுங்க. மார்க்க பத்திக் கேக்காதீங்க, ஜெபத்த பத்தியும் வேண்டாம். உங்க ஊர்ல இந்த வருஷம் மழை எப்படின்னு எழுதிட்டு, அவ ஊர்ல எப்படின்னு கேளுங்க. ஸ்டாம்பு ஒட்டுன கவர் ஒண்ண உள்ள வச்சு அனுப்புங்க.